பாலாற்றங்கரைத் தோல் தொழில்: எது மரபுச் செல்வம்?

ஜெர்மனியின் எசன் நகரிலுள்ள சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மூடிய தொழிலிடத்தின் கட்டடங்களைக் காக்கும் இந்நெறியை, ஏலகிரிக்கு வடக்கே பாலாற்றை ஒட்டியுள்ள ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்குத் தோல் தொழில் இன்றும் நடக்கிறது, மாறியது முறையே. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துக் கடுக்காயால் நிறைவு செய்த பழைய முறையின் இடத்தைக் குரோமிய உப்பு பெரிதும் பிடித்துக்கொண்டது.

தொழிற்கழிவின் சுமையை மண்ணும் நீரும் ஏற்றன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆதலின் அத்தீர்ப்பும் இத்தொழிலின் மரபு ஆவணமே. எனினும் அதன் மையம் சுற்றுச்சூழல். சுண்ணாம்புக் குழியில் நின்ற உடல் அன்று.

அவ்வுடலை மையப்படுத்துவது 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் அடிமைநிலையையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் அது பேசுகிறது. களம் வேறாதலால் அந்நாவலைப் பாலாற்றங்கரைக்குச் சான்றாகக் கொள்ளவியலாது; இங்கு எதைப் பதிய வேண்டும் என்பதற்கு அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆகவே பழைய குழிகளோடு நிலத்தடி நீர்ப் பதிவுகளும் தொழிலாளர் வாய்மொழிகளும் ஒருங்கே காக்கப்பட வேண்டும். கைமுறை அறிந்த தலைமுறை மறையுமுன் இது நிகழாவிடில், நாளை அமையும் அருங்காட்சியகம் உரிமையாளர் வரலாறாக மட்டுமே எஞ்சும்.