குலச்சின்னப் பீங்கான்கள்: மரபும் தரமும்

ஆங்கிலேயக் குடும்பங்களின் குலச்சின்னம் உணவு மேசைப் பீங்கானில் முதலில் பெருகியது சீனக் கைவண்ணத்தில்தான். 18ஆம் நூற்றாண்டில் சிங்டெசென் சூளைகளில் வெந்த வெள்ளைத் தட்டுகளில் கான்டன் ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள். மாதிரியாகப் போனவற்றில் பல, கருப்பு மையில் அச்சிட்ட சின்னங்கள். அவற்றில் நிறத்தைக் கோடுகளே சொல்லும்: நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன். இந்த வழக்கம் தெரியாமல் கோடுகளையே வரைந்துவிட்ட தட்டுகளும், ஓரத்தில் எழுதிய நிறக் குறிப்பையும் சேர்த்துத் தீட்டிய தட்டுகளும் உண்டு.

இங்கிலாந்தின் சொந்த மரபில் வூஸ்டர் நகரின் பீங்கான் தொழிற்சாலைக்கே முதலிடம் தர வேண்டும். 1751இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை களிமண்ணில் சோப்புக்கல்லைக் கலந்தது. கொதிநீர் ஊற்றினாலும் வெடிக்காத தேநீர்ப் பாத்திரம் அதனால் கிடைத்தது. நூற்றாண்டின் இறுதியில் ஸ்டோக் ஊரின் ஸ்போட் செம்மைப்படுத்திய எலும்புப் பீங்கானில் ஏறத்தாழப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். கிழக்கிந்தியக் கம்பனி 1791இல் சீனப் பீங்கானை மொத்தமாக வாங்குவதை நிறுத்தியதும் உள்நாட்டுச் சூளைகளுக்கு வேலை குவிந்தது.

இவற்றின் சிகரம் சென்னைக்கு வந்தது. புனித ஜோர்ஜ் கோட்டைக்காக 1817இல் வூஸ்டர் நகரின் சேம்பர்லின் சூளையிடம் கம்பனி கேட்ட விருந்துத் தொகுதியின் விலை 4,000 பவுணுக்கு மேல். நடுவே செஞ்சிலுவைக் கேடயம். இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள். கீழே இலத்தீன் வாசகம். குடும்பச் சின்னமாக இல்லாவிட்டாலும், இந்த மரபில் எந்தக் குடும்பத் தொகுதிக்கும் இது குறைந்ததல்ல.

தரம் பார்க்க வழிகள் உண்டு. எலும்புப் பீங்கானை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலுள்ள விரலின் நிழல் தெரியும். கையால் தீட்டிய சின்னத்தில் வண்ணம் சற்றே மேடாக விரலில் தட்டுப்படும். பூதக்கண்ணாடியில் தூரிகைக் கோடு தடித்தும் மெலிந்தும் போகும். செப்புத் தகட்டில் அச்செடுத்து ஒட்டியதில் கோடுகள் தட்டுக்குத் தட்டு ஒன்றாகவே இருக்கும். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் சீனச் சின்னத் தட்டுகளைத் திறமையாகப் போலச் செய்தது. ஆகவே சின்னம் ஒன்றை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

இலங்கை மலையகத்தின் நானுஓயாவுக்கு ரயில் வந்த 1885க்குள் இந்தக் கலையின் பொற்காலம் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே அங்குள்ள துரை பங்களாக்களில் சின்னம் பொறித்த பழைய பீங்கான் இருந்தால் அது கையால் தீட்டியதா, அச்சா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எதுவானாலும் சாம்பல், மணல், பிளீச் போட்டுத் தேய்க்காதீர்கள். பொன்பூச்சு போனால் திரும்பாது.