64 அடிக்குள் யாருடைய கோர்வை?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மண்ணில் வளர்ந்த கான்ட்ரா நடனத்தில் புதுக் கோர்வை அமைப்பவருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. மெட்டு ஒரு சுற்றுக்கு 64 தாள அடி. துணையோடு சுழலும் ஸ்விங்குக்கு 8 அல்லது 16, நால்வர் ஊடும் பாவுமாகக் கடக்கும் ஹேக்கு 16, கைகோத்து வட்டமிட 8 என்று கழித்துக்கொண்டே போனால் ஏழெட்டு அடவுகளில் கணக்கு தீர்ந்துவிடும். சுற்று முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் அடுத்த ஜோடியின் எதிரே போய் நின்றிருக்கவும் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அடவுகளை இப்படி அடுக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா? போடத்தான் வேண்டும் என்பேன். சொந்தம் கொண்டாட அல்ல, தடம் அழியாமல் இருக்க.

சொந்தம் கொண்டாட அமெரிக்கச் சட்டமும் இடம் தரவில்லை. 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைக் காக்கிறது. ஆனால் எல்லோரும் கூடி ஆடும் சமூக நடனங்களைப் பதிப்புரிமை அலுவலகம் பதிவதில்லை. ஆக, அடவுகளை அறிவித்து ஆட்டத்தை நடத்துபவர், அமைத்தவரின் பெயரைச் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1651இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் வெளியிட்ட தொகுப்பே சாட்சி: நூற்றுக்கும் மேற்பட்ட நடனங்கள், எதை யார் அமைத்தார் என்று சொல்ல வழியில்லை. மாறாக, ஜோடியின் இருவரும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்று தொடங்கும் பெக்கெட் அமைப்பை ஹெர்பி காட்ரோ அமைத்த ‘பெக்கெட் ரீல்’ நடனம் வரை பின்தொடர முடிகிறது. பெயர் நிலைத்ததால் ஒரு திருப்பமே பதிவாகியிருக்கிறது.

நாட்டுப்புற நடனம் ஊர்ச்சொத்து, பெயர் எதற்கு என்பார்கள். பெயர் சொல்வதால் யாரும் ஆடுவது தடைபடவில்லையே! இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று: இத்தனை குறுகிய இடத்தில் இருவருக்கு ஒரே கோர்வை தோன்றாதா? தோன்றும். அங்கே முதலில் வெளிவந்ததற்குப் பெயரை விட்டுக்கொடுப்பதே முறை. ஜிம்னாஸ்டிக்ஸும் ஏறக்குறைய இதையே செய்கிறது: 2013 உலகப் போட்டியில் சிமோன் பைல்ஸ் செய்துகாட்டிய தரைப்பயிற்சி அசைவு அவர் பெயரைப் பெற்றது, அதற்கென அங்கே விதிநூல் இருக்கிறது. கான்ட்ராவில் நடுவர் குழு கிடையாது, நடத்துபவர்கள் கைமாற்றிக்கொள்ளும் குறிப்பட்டைகள்தான். பெயர் உதிர்வதும் பெரும்பாலும் அங்கேதான். திருத்தம் செய்பவர்கள்தான் உண்மையான சிக்கல். புதியவர்களுக்காக ஹேயை எடுத்துவிட்டு எளிய அடவொன்றை வைத்தால் கோர்வை பழையவருடையதே. மாற்றத்தை மட்டும் அட்டையில் குறித்தால் போதும். யார் யாரோடு சுழல்கிறார், ஜோடி எப்படி நகர்கிறது என்பதே மாறினால் புதுத் தலைப்பு வைக்கலாம், எந்தக் கோர்வையிலிருந்து பிறந்தது என்ற ஒரு வரியோடு.