மந்தகதியின் சூட்சுமம்

நடுக்கடலில் முழுவேகத்தில் சீறிப் பாய்ந்த அவுட்போர்டு எஞ்சின், கரையை நெருங்கி வேகத்தைக் குறைத்த மாத்திரத்தில் இருமி அணைந்துபோகுமானால், அதன் காரணத்தைக் கண்டறிந்து களைகிற மெக்கானிக்கின் விவேகமும் நிதானமும் நம் ஆழ்ந்த மரியாதைக்கு உரியவை. முழுவேகத்தில் குறையில்லை என்பதே அவருக்கு முதல் சாட்சியம். ஏனெனில் கார்புரேட்டரில் வேகத்துக்கு மெயின் ஜெட் என்றும் மந்தகதிக்குப் பைலட் ஜெட் என்றும் பெட்ரோலுக்குத் தனித்தனி மார்க்கங்கள் உண்டு. நீண்டநாள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பெட்ரோலின் லேசான அம்சம் ஆவியாகிவிட, எஞ்சியது வார்னிஷாகப் படிந்து, பைலட் ஜெட்டின் நுண்ணிய துவாரத்தைத்தான் முதலில் அடைக்கிறது.

ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி வேகத்தைக் கூட்டிவிட்டால் எஞ்சின் அணையாதுதான். ஆனால் குறை மறையுமேயன்றித் தீராது, கியர் போடும்போதெல்லாம் அதன் பற்கள் மோதித் தேயவும் செய்யும். தேர்ந்த மெக்கானிக்கோ ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கம்பியால் குத்தித் துவாரத்தைப் பெரிதாக்கிவிடாமல், க்ளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறார்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, பைலட் ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, பெட்ரோல் குறைந்தால் கார்புரேட்டர் தும்முவதையும் மிகுந்தால் எஞ்சின் புகைந்து தள்ளாடுவதையும் செவியாலேயே அளந்து, அவ்விரண்டுக்கும் மத்தியிலுள்ள சமநிலையை அவர் கண்டடைகிற அந்தச் சில நிமிஷங்கள், கைத்தொழில் கலையாக உயர்கிற அபூர்வமான தருணங்கள். மந்தகதியில் அணையாத எஞ்சினே துறைமுக நெரிசலில் படகோட்டியின் கைக்கு அடங்கும். ஆதலால் இதைச் சில்லறைப் பழுதென்று எவரும் அலட்சியம் செய்யலாகாது.