முஸ்லிம் பணி விண்ணப்பதாரர் குறித்த வார்ப்புப் படிமங்களை ஆராயும் முறைகள்: கொங்கு வேலைச்சந்தையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

வேலை தேடும் முஸ்லிம்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டை அளப்பதற்கு இந்தியாவில் பெரிதும் கையாளப்படுவது விண்ணப்பவழிச் சோதனை ஆகும். தகுதியில் ஒத்த கற்பனை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பி, வரும் அழைப்புகளை ஒப்பிடுவது அதன் நெறி. பெருநகரங்களுக்காக வடிவமைக்கப்பட்ட இம்முறையைப் பொள்ளாச்சி போன்ற ஊர்களில் அப்படியே கையாள இயலாது என்பதையும், கையாண்டால் பாகுபாடு இருந்தும் இல்லை என்ற முடிவு கிடைக்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வார்ப்புப் படிமம், விண்ணப்பவழிச் சோதனை, ஆள்சேர்ப்பு, கொங்கு நாடு, தமிழ் முஸ்லிம்கள்

முன்னுரை

ஒரு சமூகத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துக் காணும் எண்ணமே வார்ப்புப் படிமம். அது பணியளிப்பவரின் முடிவில் செயற்படும்போது பாகுபாடாகிறது. இந்திய அரசமைப்பின் 16ஆம் உறுப்பு அரசுப் பணியில் சமயத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் நடைமுறையில் உள்ளது. தனியார் நிறுவன ஆள்சேர்ப்பு இவ்விரண்டின் எல்லைக்கும் வெளியே நிற்கிறது. அங்கு நிகழ்வதை அறிய ஆய்வையே பெரிதும் நம்பவேண்டியிருப்பதால், ஆய்வுமுறையின் குறை பாதிக்கப்பட்டவரின் குறையையே மறைத்துவிடும்.

இரு ஆய்வுகளும் இரு முடிவுகளும்

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடி. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயருடையவருடன் ஒப்பிடுகையில், சாதகமான மறுமொழி பெறுவதற்கான ஆட்ஸ் விகிதம் தலித் பெயருக்கு 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் அமைந்தது.

அபிஜித் பானர்ஜியும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தில்லிப் பகுதியில் மென்பொருள், அழைப்பு மையம் ஆகிய துறைகளின் 371 பணியிடங்களுக்கு 3,160 விண்ணப்பங்களை அனுப்பியது. மென்பொருள் பணிகளில் முஸ்லிம் பெயருக்கு எதிரான பாகுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை.

இவற்றுள் ஒன்று சரி, மற்றது தவறு என்று கொள்வது பொருந்தாது. ஒவ்வொன்றும் வேலைச்சந்தையின் ஒரு வாயிலில் மட்டும் நின்று அளந்தது. ஆள் பற்றாக்குறையுள்ள துறையில், அளந்தறியத்தக்க திறனைக் கேட்கும் பணிக்கு வார்ப்புப் படிமம் செயற்பட இடம் குறைவு. ஆகவே ஒரு துறையில் கிடைத்த முடிவை ‘இந்திய வேலைச்சந்தை’ முழுமைக்கும் ஏற்றியுரைப்பது ஆய்வு நெறியாகாது.

பெயர் சுமக்கும் குறிப்புகள்

வடஇந்தியக் குடும்பப்பெயர் சாதியையும் சமயத்தையும் ஒருங்கே உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தும் இயற்பெயருமே வழக்கு. எனவே இந்துப் பெயர் பெரும்பாலும் சாதியை மறைக்கிறது. முஸ்லிம் பெயரோ சமயத்தை உடனே வெளிப்படுத்துகிறது. சாதி தெரியாத ஒருவரையும் சமயம் தெரிந்த ஒருவரையும் ஒப்பிடும்போது எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது மங்கிவிடுகிறது.

இங்கு ஒரு பிரெஞ்சு ஆய்வு வழிகாட்டுகிறது. அதீதா, லைட்டின், வல்ஃபோர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட அவ்வாய்வில், செனகல் பின்னணியைக் காட்டும் ஒரே குடும்பப்பெயரை வைத்துக்கொண்டு முதற்பெயரில் மட்டும் கிறித்தவ, இஸ்லாமிய வேறுபாடு காட்டப்பட்டது. இவ்வாறு இனமும் சமயமும் பிரித்தறியப்பட்டன. முஸ்லிம் விண்ணப்பதாரர் அழைப்புப் பெறும் வாய்ப்பு 2.5 மடங்கு குறைவாக இருந்தது. கொங்குப் பகுதியிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். ஊர், பள்ளி, பயிற்றுமொழி ஆகியவற்றை நிலையாக வைத்துச் சமயக் குறிப்பை மட்டும் மாற்றினாலன்றி, பணியளிப்பவர் விலக்குவது சமயத்தையா, மொழியையா, வகுப்பையா என்று அறிய இயலாது. தேர்ந்த பெயர்கள் எவற்றை உணர்த்துகின்றன என்பதை உள்ளூராரிடமே முன்கூட்டிச் சோதித்தல் இன்றியமையாதது.

அழைப்புக்கு அப்பால்

அழைப்பு வந்தது என்பதே பாகுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஈடன் கிங், அஃப்ரா அகமது ஆகியோர் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட கள ஆய்வு இதை உணர்த்துகிறது. முஸ்லிம் உடையில் வேலை கேட்டுச் சென்ற பெண்களுக்கு முறைசார்ந்த மறுப்பு மிகுதியாக இல்லை. ஆனால் அவர்களோடு நிகழ்ந்த உரையாடல்கள் சுருங்கின. படிமத்துக்கு மாறான செய்தியைத் தம்மைப் பற்றித் தாமே கூறாதபோது அவர்கள் சந்தித்த கடுமையும் கூடியது. விண்ணப்பத்தை மட்டும் எண்ணும் முறைக்கு இது எட்டாது.

பிஸ்கேயும் பிறரும் 2002இல் முன்வைத்த கோட்பாடு, வார்ப்புப் படிமத்தை நேயம், திறன் என்னும் இரு அச்சுகளில் வைத்து நோக்குகிறது. 1997இன் கலவரத்தையும் 1998 பிப்ரவரி 14இன் தொடர் குண்டுவெடிப்பையும் கண்ட கோயம்புத்தூர் வட்டாரத்தில், ஐயம் திறனைவிட நம்பகத்தின் மீதே படியக்கூடும் என்பது சோதிக்கத்தக்க கருதுகோள். அவ்வாறாயின், பட்டறை மெக்கானிக் பணிக்கு அழைக்கப்படும் முஸ்லிம் இளைஞர், காசாளர் பணிக்கோ கணக்கர் பணிக்கோ அழைக்கப்படமாட்டார். எல்லாப் பணிகளையும் கூட்டிச் சராசரி காணும் ஆய்வு இவ்வேறுபாட்டைக் கரைத்துவிடும்.

விளம்பரமற்ற வேலைச்சந்தை

அடிப்படைச் சிக்கல் இதுவே. பொள்ளாச்சியின் தென்னைநார் ஆலை, கொப்பரைக் களம், மண்டி ஆகியவற்றில் ஆள்சேர்ப்பு பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லியே நடைபெறுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் குறித்த ஷரத் சாரியின் நூல் (2004), கொங்குத் தொழில் வளர்ச்சியில் உறவும் சாதியும் ஆற்றிய பங்கை விரித்துரைக்கிறது. சொல்லியனுப்ப ஆளில்லாதவர் இங்கு மறுக்கப்படுவதில்லை. அவர் விண்ணப்பதாரராகவே ஆவதில்லை. மறுப்பு நிகழாத இடத்தில் மறுப்பை எண்ணும் முறை சுழியத்தையே காட்டும்.

அறநெறிச் சிக்கலும் உண்டு. பெருநிறுவனத்துக்குப் பொய் விண்ணப்பம் ஒன்று கூடுதல் தாள். பத்துப்பேர் பணிபுரியும் ஆலைக்கு அது வீணான நாள். ஊர் சிறிதாகையால் சோதனை வெளிப்பட்டால் அடுத்து வரும் உண்மையான முஸ்லிம் விண்ணப்பதாரரே ஐயத்துக்கு உள்ளாவார்.

பரிந்துரைகள்

முதலாவதாக, விண்ணப்பவழிச் சோதனையை விளம்பரம் வழி ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் வரையறுத்து, நம்பகம் சார்ந்த பணிகளையும் திறன் சார்ந்த பணிகளையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். இரண்டாவதாக, பணியில் உள்ளோர் எவ்வழியே சேர்ந்தனர், யார் சொல்லியனுப்பினார் என்பதைக் கேட்டு அறிமுகத் தொடர்களை வரைதல் வேண்டும். மூன்றாவதாக, பணியளிப்பவரிடம் ‘பாகுபாடு காட்டுகிறீரா’ என்று வினவாமல், கடைசியாகச் சேர்த்த ஆளை எவ்வாறு தேர்ந்தார் என்று விவரிக்கக் கேட்டல் வேண்டும். தில்லிப் பகுதி மேலாளர்களிடம் ஜோத்கா, நியூமன் ஆகியோர் (2007) நிகழ்த்திய நேர்காணல்களில், தகுதியையே பார்ப்பதாகக் கூறியவர்களே ‘குடும்பப் பின்னணி’யையும் வினவுவதாகக் கூறினர். நான்காவதாக, படித்தும் விண்ணப்பிக்காத முஸ்லிம் பட்டதாரிகளையும் ஆய்வின் மாதிரியில் சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

விண்ணப்பவழிச் சோதனை கைவிடத்தக்கதன்று. ஐயத்துக்கு இடமின்றிக் காரணத்தை நிறுவும் ஆற்றலில் அதற்கு இணை அரிது. ஆயினும் அதன் எல்லையைக் குறிப்பிடாமல் வெளியிடப்படும் ‘பாகுபாடு இல்லை’ என்ற முடிவு, பணியளிப்பவருக்குச் சான்றிதழாகவும் வேலை தேடுபவருக்குப் பழியாகவும் மாறிவிடும். வேலை கிடைக்காமைக்கு அவரே காரணம் என்று அது உரைத்துவிடும். எனவே ஓர் ஊரில் ஆளெடுக்கும் வழி எது என்பதை முதலில் அறிந்து, அதன்பின் அளவுகோலைத் தேர்வதே இவ்வகை ஆய்வுகளுக்கு ஏற்ற வரிசைமுறையாகும்.