நீரோட்டத்துக்கே விலை

ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு முத்தைப் பற்றிப் பாதி விஷயம் சொல்லாமலே புரியும். துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கையில் ‘கோ, நோ-கோ’ கேஜ் இருக்கிறது. ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. மன்னார் வளைகுடாக் கரையில் முத்து வாங்கி விற்றவர்கள் ஏறக்குறைய இதே வேலையைப் பித்தளைச் சல்லடைகளில் செய்தார்கள். பத்துச் சல்லடைகள், எல்லாம் ஒரே அளவு. துளைகளின் எண்ணிக்கைதான் வேறு: 20, 30, 50, 80, 100, பிறகு 200, 400, 600, 800, 1000. எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுக்கும். இருபது துளைச் சல்லடையில் தங்கியது பெருமுத்து; ஆயிரம் துளையையும் கடந்து விழுந்தது தூள்.

சல்லடையோடு கருவியின் வேலை முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு அளவிலும் நின்ற முத்துகளைத் துணியில் பரப்பி, வடிவத்தையும் ஒளியையும் பார்த்துக் கண்ணால் தரம் பிரித்தார்கள். உருட்சியிலும் ஒளியிலும் குறையில்லாதது ஆணி. இரண்டில் ஒன்று சற்றுக் குறைந்தால் அடுத்த தரம். இரண்டுமே குறைந்தால் அதற்கும் கீழே. ஒட்டிப் பிறந்தவையும் கோணியவையும் குறுவல், பீசல், மடங்கு என்று கீழே கீழே போயின. நல்ல முத்தை இன்றும் ஆணிமுத்து என்கிறோம். அந்தப் பெயருக்குள் உருட்சி, ஒளி என்ற இரண்டு நிபந்தனைகளும் இருக்கின்றன. பருமன் அதில் இல்லை. ஆணியில் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. நகைக்கடையில் நாம் முதலில் கேட்பதோ, “இதைவிடப் பெருசா இருக்கா?”

முத்தின் ஒளியை வியாபாரிகள் நீரோட்டம் என்பார்கள். வைரத்தின் ஒளி பட்டை தீட்டியவன் கொடுத்தது. முத்தை யாரும் தீட்டுவதில்லை. சிப்பி விட்ட இடத்தில் அது முடிந்துவிட்டது. அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தாதுவை மிக மெல்லிய தகடுகளாக்கி, ஒருவகைப் புரதத்தால் ஒட்டி, அடுக்கின்மேல் அடுக்காகச் சிப்பி பூசுகிறது. ஒரு தகட்டின் கனம் சுமார் அரை மைக்ரான். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் பூச்சில் ஏறக்குறைய 2000 அடுக்குகள். வெளிச்சம் மேலே பட்டுத் திரும்புவதோடு நில்லாமல் உள்ளடுக்குகளிலும் புகுந்து திரும்புகிறது. திரும்பும் கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் வெண்முத்தின்மேல் ரோஜா நிறமோ பச்சையோ ஒரு சாயலாக ஓடுகிறது. அடுக்கு ஒழுங்காகவும் கனமாகவும் இருந்தால் ஒளி ஆழத்திலிருந்து வரும். கலைந்தோ மெலிந்தோ இருந்தால் சுண்ணாம்பு பூசிய வெளுப்புதான் மிஞ்சும்.

இதைப் பார்க்கத் தனி வித்தை வேண்டாம். சரியான வெளிச்சம் வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கு எல்லா முத்தையும் அழகாக்கிவிடும். நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே வெள்ளைத் துணிமேல் சரத்தை வையுங்கள். முத்தின்மேல் ஜன்னல் தெரியும். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் முதல் தரம். ஓரம் கரைந்து வெறும் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தால் நடுத்தரம். எதுவுமே தெரியாமல் மாவு போலிருந்தால் கீழே வைத்துவிடலாம். பிறகு சரத்தை மெல்ல உருட்டுங்கள். நல்ல உருண்டை நேராகப் போகும், குறையுள்ளது தள்ளாடும். உருட்டும்போது சில முத்துகள் ஒருகணம் மின்னி மறுகணம் மங்கினால், மேல்பூச்சு மெலிந்து, முத்தை வளர்ப்பதற்காக மனிதர் உள்ளே வைத்த மணி தெரிகிறது என்று பொருள்.

இப்படிப் பார்க்கும் கண் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நான் நகை மதிப்பீட்டுப் பாடநூலாகவே வாசிப்பேன். இறைவனுக்குத் தந்த ஒவ்வொரு அணியிலும் எத்தனை முத்து, எவ்வகை முத்து என்று எழுதியிருக்கிறார்கள். வட்டம், அதற்கடுத்த அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சொரசொரத்த கறடு, ஒட்டிப் பிறந்த இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வடிவுக்கு வடிவு பெயர் இருக்கிறது. ஒளிக்குக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்ற பிரிவுகள் இருக்கின்றன. வரி விழுந்தது, தோல் பெயர்ந்தது, தோல் தேய்ந்தது என்று குறைகளையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், மணிகள் பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல். அணியின் எடையில் அரக்கு சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுகிறார்கள். பேரரசன் தந்த நகை என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நேர்மையில் பாதியாவது இன்றைய பில்லில் இருந்தால் போதும்.

அதற்கும் முந்தைய சிலப்பதிகாரத்தில், மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் பகுதியில், காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு வரும் குற்றங்கள் பேசப்படுகின்றன. அர்த்தசாஸ்திரம் நல்ல முத்துக்குச் சொல்லும் இலக்கணத்தில் பருமன், உருட்சி, ஒளி, வெண்மை, கனம், வழவழப்பு ஆகியவற்றோடு சரியான இடத்தில் இட்ட துளையும் ஒன்று. துளையை மதிப்பில் சேர்த்தவன் முத்தைக் கையில் வைத்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். துளை நடுவில் விழாத முத்து சரத்தில் ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். தேர்ந்த துளையாளர் முத்திலுள்ள ஒரே புள்ளிக் குறையைத் தேடி, துளையை அதன்மேலேயே இட்டுக் குறையை இல்லாமலாக்கிவிடுவார்.

சரத்தின் அழகு தனிமுத்தின் அழகிலிருந்து வேறு. ஐம்பது முத்துகளும் ஒரே சாயலில், ஒரே ஒளியில், அளவில் உறுத்தாமல் அமைய வேண்டும். அதற்காகப் பல நூறு முத்துகளைப் புரட்டுகிறார்கள். நன்றாகப் பொருந்திய சரத்தின் விலை, அதிலுள்ள முத்துகளைத் தனித்தனியாக விற்றால் வரும் தொகையைவிடக் கூடுதலாக இருப்பது அதனால்தான். இரண்டு முத்துகளுக்கு நடுவே முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிச்சிட்ட சரம் அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உருளாது. முத்துகள் ஒன்றையொன்று உரசித் தேயவும் தேயாது.

அளவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு மதிப்பு எப்படி ஏறுகிறது என்பதைச் செவ்வுக் கணக்கு அழகாகக் காட்டும். முத்துகளின் எடையை மஞ்சாடி என்ற சிறு எடை அலகில் எடுத்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததில் முக்காலை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு. செவ்வுக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு 3 செவ்வு. அப்படி இரண்டு முத்து சேர்ந்தால் 6. அதே நான்கு மஞ்சாடியும் ஒரே முத்தாக இருந்தாலோ 12. எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்கு. பெரிய முத்து அரிது என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கு உயர்ந்த தரங்களுக்கு மட்டுமே. குறைந்த தரத்துக்குச் செவ்வு பார்ப்பதில்லை, வெறும் எடைதான். தரத்தில் தேறிய பிறகே பருமனுக்குப் பெருக்கல் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சந்தை தலைகீழானது. 1917-இல் நியூயார்க்கில் கார்ட்டியே நிறுவனம் இரட்டைச் சர இயற்கை முத்து மாலை ஒன்றைக் கொடுத்து ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. மாலையின் அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர். 1957-இல் அதே மாலை ஏலத்தில் ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குத்தான் போனது. இடையில் வந்தது ஜப்பானின் வளர்ப்பு முத்து. 1893-இல் மிகிமோட்டோ கோகிச்சி அரைமுத்தை வளர்த்தெடுத்தார். பிறகு முழு உருண்டையும் கைவந்தது. சிப்பியின் உடலில் கிளிஞ்சல் ஓட்டில் கடைந்த மணியொன்றை வைத்து, அதன்மேல் சிப்பியே பூசும்படி விட்டார்கள். பூச்சு அசல், உள்ளீடு மனிதன் வைத்தது. ஒரகடம் பக்கத்து ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஜப்பானின் அகோயா முத்தைத் தரும் சிப்பியும் நம் மன்னார் வளைகுடாச் சிப்பியும் நெருங்கிய இனம். 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தூத்துக்குடியில் அந்தச் சிப்பியிலேயே வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்.

தூத்துக்குடிக் கடலில் பார்கள் எனப்படும் சிப்பிப் படுகைகளில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. “புதுசா எடுத்த தூத்துக்குடி இயற்கை முத்து” என்று யாராவது விற்றால், இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பாட்டியின் பெட்டியில் இருக்கும் பழைய முத்துகளின் கதை வேறு. அவை மன்னார் முத்தாகவோ பஹ்ரைன் பக்கத்துப் பஸ்ரா முத்தாகவோ இருக்கலாம். நிறம் பழுத்திருக்கிறதே என்று அவற்றைக் கொடுத்துப் புது செட் வாங்கிவிடாதீர்கள். இயற்கையா வளர்ப்பா என்பதைக் கண் தீர்மானிக்காது, எக்ஸ்-ரே தான் தீர்மானிக்கும். மும்பை, ஜெய்ப்பூரில் அதற்கான ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. இயற்கை முத்தின் விலை மறுபடி ஏறிவிட்டது. பரோடா அரச குடும்பத்தின் இரட்டைச் சர மாலை 2007-இல் நியூயார்க் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இன்று ஸ்ரீபெரும்புதூரிலோ காஞ்சிபுரத்திலோ நியாயமான விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீன நன்னீர் முத்து. அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றில் உள்ளே மணி கிடையாது, முழுக்க முத்துப்பூச்சுதான். ஒரு சிப்பியிலேயே பல முத்துகள் விளைவதால் விலை குறைவு. உருண்டை சற்றுப் பிசகும், ஒளி அகோயா அளவுக்குக் கூர்மையாக இராது. ஆனால் தேடினால் அகோயாவுக்கு அருகில் நிற்கும் சரமும் அதில் கிடைக்கும். தேர்ந்தெடுக்கும் சுகத்துக்கு நன்னீர் முத்துக் குவியலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பயப்பட வேண்டியது கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த போலிக்குத்தான். முத்தைப் பல்லின் ஓரத்தில் மெல்ல உரசிப் பாருங்கள். அசல் பூச்சு, வளர்ப்பாக இருந்தாலும், நுண்மணல் போல நறநறக்கும். போலி வழுக்கும். பத்து மடங்கு லென்ஸில் துளையின் வாயைப் பார்த்தால் போலியில் சாயம் உரிந்திருப்பது தெரியும். மணி வைத்த வளர்ப்பு முத்தில் மணிக்கும் பூச்சுக்கும் நடுவே கோடு தெரியும். ஒரே சரத்தில் ஐம்பது முத்தும் அச்சில் வார்த்ததுபோல் மாசு மறுவின்றி இருந்து, விலையும் மலிவாக இருந்தால், லென்ஸ்கூட வேண்டாம்.

தங்கத்தில் கட்டிய முத்து நகையில் இன்னொரு கவனம் வேண்டும். ஹால்மார்க் முத்திரையும் நகையின் தனி அடையாளமான எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்குத்தான் சாட்சி. முத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. முத்தின் எடையைக் கழித்து நிகரத் தங்க எடை தனியாகவும், முத்தின் வகையும் விலையும் தனியாகவும் பில்லில் வர வேண்டும். முத்தையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால் மறுத்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது முத்துக்கு என்ன தருவார்கள் என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் வரும். அதனால் முத்தை முதலீடாக வாங்காதீர்கள், போட்டுக்கொள்ள வாங்குங்கள். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடித்துக் கடைசியாக அணியுங்கள். கழற்றியதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடையுங்கள். அமிலம் பட்டால் முத்து கரையும்.

நகையின் அமைப்பில் என் ரசனை எளிமையின் பக்கம். சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் நெருக்கிப் பதித்த பதக்கத்தின் ஓரத்தில் தொங்கும் முத்துக்குப் பேச இடமில்லை. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி மூலவருக்கு முத்தங்கி சாற்றுவார்கள். கருந்திருமேனியில் முத்தைத் தவிர வேறொன்றுமில்லை என்று கண் நம்பும்படி இருக்கும் அந்தச் சேவை. முத்துக்கு முத்தே துணை என்பதை அங்கே நின்று பார்த்தால் தெரியும்.

ஆகவே பட்ஜெட் இடித்தால் அளவைக் குறையுங்கள், பிறகு உருட்சியில் சற்று விட்டுக்கொடுங்கள், கண்ணுக்கு எளிதில் படாத புள்ளியையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை மட்டும் எந்தத் தள்ளுபடிக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மங்கிய பத்து மில்லிமீட்டர் முத்தைவிட, ஜன்னலின் விளிம்பைத் தெளிவாகக் காட்டும் ஆறு மில்லிமீட்டர் முத்தே நல்ல முத்து.