கில் சுவிட்ச் ஆண்டு: 2023இன் ராக் இசை

இந்த வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ராக் இசை பற்றிய பேச்சில் அதிகம் அடிபட்டது ஒரு மின்சாரச் சொல். கில் சுவிட்ச். ஜூலை மாதம் சிப்பாங்கில் ஒரு பாடகர் மேடையில் செய்த காரியத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சியில் ஏதாவது எல்லை மீறினால் மேடைக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. நவம்பரில் கோல்ட்பிளே வந்தபோது அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் வாயிலிருந்தே இந்தச் சொல் வந்தது. பாட்டைப் பற்றிப் பேசியவர்களைவிட பிளக்கைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம்.

நான் மின்னியல் பொறியாளன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் தளத்தில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப். வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். இயந்திரத்துக்குள் கை விடுகிறவனுக்கு எட்டுகிற தூரத்தில் அது இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் அடிபடப் போகிறவனுக்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். மேடைக்கு வைக்கச் சொன்ன சுவிட்ச் அந்த வகை இல்லை. அதனால் இந்த ஆண்டின் ராக் இசையைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: மின்சாரம் நிற்கும்போது அடிபடுவது யார்?

ஜூலை 21, வெள்ளிக்கிழமை. சிப்பாங் பந்தயத்தடத்தில் மூன்று நாள் குட் வைப்ஸ் விழாவின் முதல் இரவு. இங்கிலாந்தின் தி 1975 குழுவுக்காகத்தான் பெரும்பாலானோர் வந்திருந்தார்கள். பாடகர் மேட்டி ஹீலி மலேசியாவின் ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டங்களைக் கெட்ட வார்த்தைகளோடு திட்டினார். பிறகு தன் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ராஸ் மெக்டொனால்டுக்கு உதட்டில் முத்தம் கொடுத்தார். சுமார் அரை மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிந்தது. மறுநாள் மதியம், மீதி இரண்டு நாள் விழாவும் ரத்து என்று அறிவிப்பு வந்தது. தி ஸ்ட்ரோக்ஸ் மேடையேறவில்லை. அந்த இரண்டு நாளுக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த உள்ளூர்க் குழுக்களும் மேடையேறவில்லை. சாப்பாட்டுக் கடை போட்டவர்களின் நிலை சொல்லவே வேண்டாம். ஏற்பாட்டாளர்கள் ஆகஸ்டில் அந்தக் குழுவிடம் 1 கோடியே 23 லட்சம் ரிங்கிட் வரை நஷ்டஈடு கேட்டார்கள்.

அந்தச் சட்டம் மோசமான சட்டம். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன 377ஆம் பிரிவின் வாரிசு அது. இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. இங்கே பல் அப்படியே இருக்கிறது. ஆகவே ஹீலி சொன்ன விஷயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சொன்ன விதத்தைத்தான் கேட்கிறேன். ராக் இசையில் கலகம் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். பாடுகிறவன் தன்னுடைய ஏதோ ஒன்றைப் பணயம் வைக்கிறான். கேட்கிறவன் அதை உணர்ந்து தன் பயத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கிறான். அன்றைக்கு ஹீலி எதைப் பணயம் வைத்தார்? ஜகார்த்தாவையும் தைப்பேயையும் ரத்து செய்துவிட்டு அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். இங்கேயே இருந்தாக வேண்டிய பால்புதுமையினரில் பலர், இனி தங்கள்மேல்தான் கெடுபிடி கூடும் என்று எரிச்சலோடு சொன்னார்கள். அடுத்தவன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வள்ளலாவது கலகமாகாது. நல்ல பாடல்கள் எழுதத் தெரிந்த குழு அது. அந்த இரவில் அவர்களுடைய இசையை அவர்களே மூலைக்குத் தள்ளினார்கள்.

அரசாங்கம் செய்ததும் நியாயமில்லை. ஒரு குழு தப்பு செய்தது என்றால் அந்தக் குழுவைத் தடை செய்யலாம். மற்ற எல்லாரையும் சேர்த்து மூட்டை கட்டியது ஏன்? மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 12ஆம் தேதி, சிலாங்கூர் உட்பட ஆறு மாநிலங்களில் தேர்தல். காரணத்தை வெளியில் தேட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு.

இதன் வால் எங்கள் வட்டாரம் வரைக்கும் நீண்டது. கம்போங் மேடானில் எனக்குத் தெரிந்த நாலு பையன்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருவன் பகலில் உணவு டெலிவரி ஓட்டுகிறான், ஒருவன் டயர் கடை, ஒருவன் கல்லூரி, ஒருவனுக்கு அப்போது வேலை இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சின்ன இடத்தில் அவர்கள் வாசிப்பதாக இருந்தது. ஐம்பது பேர் நின்றால் நிறைந்துவிடும். இடத்துக்காரர் போன் போட்டார். "தம்பி, இப்ப வேணாம்லா. எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்." அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. லைசென்ஸ் போனால் அவர் கடை போச்சு. அந்த நாலு பையன்களுக்கு யாரும் கில் சுவிட்ச் போட வேண்டிய அவசியமே வரவில்லை. சுவிட்ச் போடுவதற்கு முன்பே விளக்கு அணைந்துவிட்டது.

இது புதுக்கதையும் இல்லை. 1992இல் நீள முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக்கூடாது என்று தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தடை போட்டார். மலாய் ராக் இசையின் உச்சத்தில் இருந்த செர்ச், விங்ஸ் குழுக்காரர்கள் கடைசியில் முடியை வெட்டிக்கொண்டார்கள். 2005 டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஜாலான் கிள்ளான் லாமாவில் பால்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் நடந்த நிகழ்ச்சிக்குள் போலிஸ் நுழைந்தது. பிளாக் மெட்டல் என்று சந்தேகம். சுமார் 380 இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போய் சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சாலைக்கு மோட்டாரில் பத்து நிமிடம்கூட ஆகாது. அன்று உள்ளே இருந்த ஓர் அண்ணனோடு பல வருடம் கழித்து ஒட்டுக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்று வாசித்த பாட்டு எதுவும் ஞாபகம் இல்லை. வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம். ஹீலிக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம், அவர் மறுநாள் இதே ஊரில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்பதுதான்.

வெளியுலகில் இந்த ஆண்டு ராக் இசை யாரையும் பயமுறுத்தவில்லை. அங்கே அது இறந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2005க்குப் பிறகு முதல்முறையாகச் சொந்தப் பாடல்களோடு ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ வெளியிட்டார்கள். 2021இல் காலமான சார்லி வாட்ஸின் டிரம்ஸ் அதில் இரண்டு பாடல்களில் ஒலிக்கிறது. நவம்பரில் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ வந்தது. 1970களின் இறுதியில் ஜான் லென்னன் வீட்டில் கேசட்டில் பதிந்த குரலை, பியானோ சத்தத்திலிருந்து இயந்திரக் கற்றல் மூலம் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பொறியாளனாக எனக்கு அது அதிசயம். ரசிகனாகக் கேட்டபோது, சுத்தம் செய்த புகைப்படத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. இந்த ஆண்டு நான் அதிகம் கேட்டது ஃபூ ஃபைட்டர்ஸின் ‘பட் ஹியர் வி ஆர்’. டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022இல் இறந்தார். அதே ஆண்டு டேவ் குரோலின் அம்மாவும் போனார். ஆல்பம் முழுக்க இறந்த நண்பனின் இடத்தில் உட்கார்ந்து குரோலே டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அம்மாவுக்கான பாட்டு பத்து நிமிடம் ஓடுகிறது. அதில் எதையும் அழகுபடுத்தவில்லை, எங்கேயும் சீக்கிரம் முடிக்கப் பார்க்கவில்லை. பணயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ராக் செத்துப்போச்சு என்று இருபது வருடமாக எழுதுகிறார்கள். இங்கே அமைச்சர்கள் அதற்குச் சுவிட்ச் தேடுகிறார்கள். கொஞ்சம் யோசித்தால் இது ஒருவிதமான மரியாதைதான்.

தமிழுக்கு வருவோம். ஜனவரி 28ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் ஏ.ஆர். ரகுமான் வந்தார். மேல் தளத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். கிட்டார் தனியாக எகிறும்போதெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது. ‘ரோஜா’வுக்கு முன்னால் ரகுமானே சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்தவர். அவரோடு அந்தக் காலத்தில் வாசித்துத் திரிந்தவர்களில் பலர் சினிமா ஸ்டூடியோக்களுக்குள் போய்விட்டார்கள். அங்கேதான் சம்பளம். நம் பாட்டில் ராக் அப்படித்தான் கரைந்தது. இந்த ஆண்டு ‘ஜெயிலர்’, ‘லியோ’ வரைக்கும் கேட்டுப் பாருங்கள். டிஸ்டார்ஷன் கிட்டார் பெரும்பாலும் கதாநாயகன் நடந்து வரும்போதுதான் உறுமும். ஒரு சாதாரண ஆளின் கோபத்துக்கு அந்தச் சத்தம் கிடைப்பதில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதைக் கொடுத்தது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து சாதியைப் பற்றிப் பாடியது. அந்த வகையில் இன்னும் பத்துக் குழு வந்திருக்க வேண்டும்.

மலேசியாவில் நம்மவர்கள் ராக் பக்கம் போகாமலும் இல்லை. பினாங்கின் அல்லிகேட்ஸில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் பாடினார்கள், ஆனால் மலாயில். பக்கத்துச் சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு மெட்டல் வாசிக்கிறது, ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். தமிழில் இங்கே பெரிதாக எழுந்தது ராப். போயட்டிக் அம்மோவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு 2006இல் ‘வல்லவன்’ போட்டார். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. ஏன் ராப் வந்தது, ராக் வரவில்லை? எனக்கு இதில் ரகசியம் எதுவும் தெரியவில்லை. ராப்புக்கு ஒரு மைக்கும் கணினியும் போதும். ராக்குக்கு டிரம் செட் வேண்டும், ஆம்ப் வேண்டும், சத்தம் வெளியே போகாத அறை வேண்டும். மூன்றறை பிளாட்டில் டிரம் செட்டை எங்கே வைப்பது? ஜாமிங் ஸ்டூடியோ மணிக்கு நாற்பது, ஐம்பது வெள்ளி. டெலிவரி ஓட்டுகிறவனுக்கு அது அரை நாள் சம்பாத்தியம்.

ஆனால் சத்தமாக, கூட்டமாக, உடம்பு வியர்க்க வாசிக்கிற இசை நம்மிடம் இல்லாமல் இல்லை. உறுமி மேளம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன்கள் காசு போட்டு மேளம் வாங்கி, ஒரே மாதிரி சட்டை அடித்து, குழுவுக்குப் பெயர் வைத்து, கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். குண்டர் கும்பல் என்று சந்தேகம், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கட்டுப்பாடு பற்றிய பேச்சு, பக்கத்து வீட்டுப் புகார், எல்லாமே ராக் குழுவுக்கு வருவதுதான். எங்கள் வட்டாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. இன்றைக்கும் இளைஞர்கள் கும்பலாக நின்று சத்தம் போட்டால் பெரியவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள். அம்மாவும் பார்ப்பார். அது இசை பிடிக்காததால் அல்ல.

நவம்பர் 22ஆம் தேதி கோல்ட்பிளே. புக்கிட் ஜாலிலில் எண்பதாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். மலிவான சீட்டே 200 ரிங்கிட்டுக்கு மேல், 2023இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக இருந்த நாட்டில். ரத்து செய்யுங்கள் என்று பாஸ் கட்சிக்காரர்கள் மே மாதமே கேட்டிருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை, சுவிட்சும் தேவைப்படவில்லை. உள்ளூர் ராப் பாடகி புங்கா முதலில் பாடியது நல்ல விஷயம். கோல்ட்பிளேயின் இசை ஒழுங்கானது, அன்பானது. யாரையும் காயப்படுத்தாது, யாரையும் இடம் பெயர்க்கவும் செய்யாது. வந்தவர் எல்லார் கையிலும் ஓர் ஒளிப்பட்டை. பாட்டுக்கேற்ப அரங்கம் முழுதும் சிவப்பாகிறது, நீலமாகிறது. பட்டை நம் கையில், நிறத்தை முடிவு செய்கிற பலகை வேறொருவர் கையில். அழகாகத்தான் இருந்தது என்று பார்த்துவிட்டு வந்த என் அக்கா சொன்னாள். படங்களில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பெரிய பணமும் பெரிய ஒழுங்கும் இருந்தால் மட்டும் ராக் அனுமதிக்கப்படும் என்றால், ஐம்பது பேர் நிற்கும் இடங்களில்தான் அடுத்த கில் சுவிட்ச் விழும். குழுக்கள் பிறப்பது அந்த இடங்களில்.

நான் சொன்ன நாலு பையன்கள் டிசம்பர் முதல் வாரம் ஒரு ஜாமிங் ஸ்டூடியோவிலேயே நண்பர்களை அழைத்து வாசித்தார்கள். முப்பது பேர் இருந்திருப்போம். விமர்சனமாகச் சொன்னால், முதல் இரண்டு பாட்டும் மெட்டாலிகாவின் நிழல். பாடுகிறவனுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. வரிகளில் வானமும் நிலவும் கூடுதல். பாதி சினிமாவிலிருந்து வந்தவை. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் வாசித்தவன் குச்சியை வைத்துவிட்டு, தான் உறுமிக் குழுவில் வாசிக்கும் அடியை டாம்மில் வெறுங்கையால் வாசித்தான். கிட்டார் அதன் பின்னால் போனது. பாட்டு, மாதக் கடைசியில் மோட்டார் தவணை கட்ட முடியாத ஒருவனைப் பற்றியது. கதாநாயகன் யாரும் நடந்து வரவில்லை. இந்த ஆண்டு நான் நேரில் கேட்ட ராக் இசையில் எனக்கு முக்கியமானது அந்த நாலு நிமிடம்தான்.

பிப்ரவரியில் வாசிக்க ஓர் இடம் கேட்டிருக்கிறார்கள். இடத்துக்காரர் சரி சொல்லிவிட்டார். மாநகர் மன்ற அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள்.