நகையும் கூர்மையும்: திரைப்பட நகைச்சுவை பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தமிழில் திரைப்படம் பற்றிய எழுத்துகள் பெருகியுள்ள அளவிற்குத் திரைப்பட நகைச்சுவை பற்றிய ஆய்வு வளர்ச்சியடையவில்லை. துன்பியற் படமொன்றைப் பற்றிப் பேசுங்கால் அதன் கட்டுக்கோப்பையும் பாத்திர வார்ப்பையும் சமூக நோக்கையும் ஆராயும் விமரிசகர், நகைச்சுவைப் படமொன்றை எதிர்கொள்ளும்போது ‘சிரிப்பு வந்தது’ அல்லது ‘சிரிப்பு வரவில்லை’ என்பதோடு அமைந்துவிடுகின்றனர். சிரிப்பு வருதல் ஒன்றே அளவுகோலாயின், வாழைப்பழத் தோலில் ஒருவன் வழுக்கி விழுவதற்கும் சாப்ளினின் படைப்புகளுக்குமிடையே வேறுபாடு காண்பது அரிதாகிவிடும். எனவே, சிரிப்பை விளைவிப்பது எது என்ற வினாவோடு, அச்சிரிப்பைக் கூர்மையுடையதாக்குவது எது என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். இக்கட்டுரை இரண்டாவது வினாவையே மூன்று திரைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

இவ்வினாவிற்கு விடை காண நம்முடைய இலக்கண மரபே ஒரு தொடக்கப் புள்ளியைத் தருகின்றது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினை அதன் நிலைக்களன்களாகக் கொண்டார். இவற்றுட் பேதைமையும் மடனும் மேலோட்டமாக நோக்குமிடத்து ஒன்றே போலத் தோன்றும். ஆயின் உரைமரபு இவற்றை வேறுபடுத்தும். பேதைமை அறிவின்மை; மடன் என்பதோ, அறிவுறுத்த ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பின்னர் எந்நிலையிலும் விடாது பற்றி நிற்றல். முன்னையவன் ஒன்றை அறியாதவன். பின்னையவன் ஒன்றை மட்டுமே அறிந்தவன். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல் விறைத்து இயங்குமிடத்தே நகை பிறக்கின்றது என 1900ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிற் பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன் கூறிய கருத்து, மடன் பற்றிய இவ்விளக்கத்தோடு நெருங்கி வருவது மனங்கொள்ளத்தக்கது. பேதைமையைக் கண்டு சிரிக்கும்போது நாம் நம்மை உயர்ந்தோராகக் கருதிக்கொள்கின்றோம். மடனைக் கண்டு சிரிக்கும்போதோ நம்மிடத்தும் அத்தகைய பிடி ஒன்று உண்டோ என்னும் ஐயம் சிரிப்போடு கலந்தே வருகின்றது. நகைச்சுவையின் கூர்மை பெரும்பாலும் இந்த ஐயத்திலிருந்தே பிறக்கின்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ்த் திரைப்படத்தில் நகைச்சுவை நெடுங்காலமாகக் கதைக்குப் புறம்பான தனிக் கிளையாகவே இருந்துவந்துள்ளது. கதைத்தலைவனும் தலைவியும் ஒருபுறம் துன்புற, மறுபுறம் நகைச்சுவை நடிகர் தம் துணையோடு தனியே இயங்குவர். என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணையின் கையில் இவ்வமைப்பு ஒரு நியாயத்தைப் பெற்றிருந்தது. ‘நல்ல தம்பி’ (1949) படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம், நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கோயிலை நாடிய பக்தனின் இடத்திலே கல்வியை நாடும் ஒடுக்கப்பட்ட சிறுவனை நிறுத்திற்று. அங்கே கிளைக்கென ஒரு கருத்து இருந்தது. அக்கருத்து அகன்ற பின்னரும் கிளை மட்டும் எஞ்சியமையே பிற்காலத் தமிழ்ப்படங்கள் பலவற்றின் நிலை. வெட்டி எடுத்துவிட்டாலுங் கதைக்கு ஊறு நேராத நகைச்சுவை, கதையிலிருந்து எந்தக் கூர்மையையும் பெறமுடியாது. ஆகவே அது உடற்பருமன், நிறம், திக்குவாய், செவிட்டுத்தன்மை ஆகியவற்றை நாடிச் செல்கின்றது.

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் ஸ்ரீதரின் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’யின் முக்கியத்துவம் புலனாகும். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் இணைந்து உருவாக்கிய இப்படத்தில் நகைச்சுவை கிளையன்று, அதுவே அடிமரம். மேலும், நாகேஷ் போன்ற ஆற்றல்மிக்க நகைச்சுவை நடிகர் இருக்கவும், நகையின் மையமாக அமைபவர் 1936இல் ‘சதி லீலாவதி’ மூலம் திரைக்கு வந்து, வில்லனாகப் பல படங்களில் நிலைபெற்ற டி.எஸ். பாலையாவே.

தோட்ட உரிமையாளரான விசுவநாதனுக்குத் தம் புதல்வியரைச் செல்வர் வீட்டில் மணமுடித்துக் கொடுத்தல் வேண்டும் என்ற ஒரேயொரு பிடிப்பு. வேலையிலிருந்து விலக்கப்பட்ட அசோக், பெருஞ் செல்வர் ஒருவரின் மகன் எனப் பொய் கூறப்பட்டதும், நேற்றுவரை விரட்டப்பட்ட அதே இளைஞன் இன்று உபசரிக்கப்படுகின்றான். முகம் மாறவில்லை, குணம் மாறவில்லை. அவன்மீது ஒட்டப்பட்ட விலை மட்டுமே மாறியுள்ளது. அசோக்கின் தந்தையாக நடிக்க வரும் நண்பன் வாசுவின் முதுமை வேடம் எவரையும் ஏமாற்றக்கூடியதன்று. ஆயின் விசுவநாதன் ஏமாறுகின்றார். ஏனெனில் அவரை ஏமாற்றுவது வேடமன்று, அவரது ஆசை. ஏமாற்றுபவனின் திறமையைவிட ஏமாறுபவனின் ஒத்துழைப்பே பெரிது என்பதைப் பார்வையாளர் உணருமிடத்தே வெறும் ஆள்மாறாட்டக் கதை கூர்மை பெறுகின்றது.

மகன் செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சி மிகப் புகழ்பெற்றது. அதனை நாகேஷின் தனித்திறனாக மட்டும் கொள்வது பொருந்தாது. செல்லப்பா கூறுவதிற் கதை என்று ஒன்றுமில்லை; அச்சந்தரும் ஓசைகளும் இடைவெளிகளுமே உள்ளன. பேய்ப்படத்தின் உத்திகள் அனைத்தும் படமின்றியே நம்முன் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு உயிர் கொடுப்பது கேட்டிருக்கும் பாலையாவின் முகம். மகனின் படமுயற்சிக்குப் பணந்தர மறுத்துவந்த மனிதர், வெற்றோசைக்கு முன் நடுங்குகின்றார். செல்வர் என்ற சொல்லை நம்பி மகளைக் கொடுக்க முனைபவரும், கதவு திறக்கும் ஓசையைக் கேட்டு நாற்காலியில் ஒடுங்குபவரும் ஒரே மனிதர்தாம். இரு இடத்தும் அவரை ஆட்கொள்வது பொருளற்ற ஒலியே. இதனால் இக்காட்சி தனித்து நிற்கும் வேடிக்கையாகாது, மையக் கதையின் சுருக்கமாகவே அமைந்துவிடுகின்றது.

எனினும் இப்படத்தின் கூர்மைக்கு ஓர் எல்லையுண்டு. பறிபோன வேலையைக் கேட்டு முதலாளியின் வீட்டு வாசலிற் கூடாரமடித்து அசோக் நடத்தும் போராட்டம், தொடக்கத்திலே தொழிலுரிமை பற்றியது. விரைவில் அது காதலுக்கான தந்திரமாகக் கரைந்துபோகின்றது. தோட்ட முதலாளியின் மாளிகை கதைக்களமாகின்றது. தோட்டத்தில் உழைப்போர் கதை மாந்தராகவில்லை. மலையகத்தை அறிந்த ஈழத்து வாசகருக்கு இவ்வெறுமை எளிதிற் புலப்படும். முடிவிலும், வாசு விசுவநாதனின் பழைய நண்பரான செல்வரின் மகன் எனத் தெரிய வருவதால், அவரது பணப்பிடிப்பு முற்றாகத் தோற்கடிக்கப்படுவதில்லை; ஒரு பகுதி வெகுமதியும் பெறுகின்றது. கத்தி தீட்டப்பட்டது, ஆயின் வெட்டுமுன் உறையிலிடப்பட்டது.

உறையிலிடப்படாத கத்திக்கு எடுத்துக்காட்டாக எர்ணஸ்ற் லுபிற்ஷின் ‘ரூ பீ ஓர் நொற் ரூ பீ’ (1942) படத்தைக் கூறலாம். 1892இல் பேர்லினில் யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஹொலிவூட்டிற் புகழ்பெற்ற லுபிற்ஷ், நாசிகள் கைப்பற்றிய வோர்சோ நகரில் ஒரு நாடகக் குழுவினரை நிறுத்தி இப்படத்தை அமைத்தார். குழுவின் தலைவன் ஜோசப் ரூரா, தன்னை மாபெரும் நடிகனென நம்புபவன். அவன் ஹம்லற்றின் தனிமொழியைத் தொடங்கும்போதெல்லாம் ஓர் இளம் படைவீரன் இருக்கையை விட்டெழுந்து வெளியேறுகின்றான். அது ரூராவின் மனைவியைச் சந்திப்பதற்கான அடையாளம். பார்வையாளர் இதனை அறிவர், ரூரா அறியான். மனைவி விலகிச் செல்வதைவிடத் தன் நடிப்பு அவமதிக்கப்பட்டதே அவனை வருத்துகின்றது.

இத்தற்பெருமை படத்தின் மிக ஆபத்தான கணத்திலும் அவனை விட்டகல்வதில்லை. ஒற்றன் ஒருவனின் வேடத்தில் நாசி அதிகாரி ஏர்காட்டின் முன் உயிரைப் பணயம் வைத்து அமர்ந்திருக்கும்போது, ரூரா என்னும் பெருநடிகனை அறிவீரா எனத் தானே வினவுகின்றான். அறிவேன் என்னும் அதிகாரி, அந்நடிகன் ஷேக்ஸ்பியருக்குச் செய்ததையே நாம் இப்போது போலந்துக்குச் செய்கின்றோம் என்ற கருத்துப்பட விடையிறுக்கின்றான். படம் வெளிவந்தபோது இவ்விடம் கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஒரு நாட்டின் அழிவைச் சிரிப்புக்குரியதாக்கலாமா என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வினாவன்று. ‘த கிரேற் டிக்ரேற்றர்’ (1940) படத்தை எடுத்த சாப்ளினும், வதைமுகாம்களின் முழுக் கொடுமையை அன்று அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது எனத் தம் சுயசரிதையிலே (1964) எழுதினார்.

ஆயினும் அவ்வுரையாடலின் அமைப்பை நுணுகி நோக்குதல் வேண்டும். நாம் முதலிற் சிரிப்பது ரூராவின் மடனைக் கண்டு. அச்சிரிப்பு முடிவதற்குள், ஒரு நாட்டைக் கொன்றுகொண்டிருப்பவன் அதனை மாலைநேர அரட்டையாகக் கூறுகின்றான் என்பது நம்மைத் தாக்குகின்றது. சிரிப்பு தொண்டையிலே நின்றுவிடுகின்றது. நகைக்கப்படுவது போலந்தன்று, கொடுமையைப் பெருமையாக அணிந்துகொள்ளும் அதிகாரியின் மனம். முன்னர் ரூரா அதே அதிகாரியின் வேடத்தில் இருக்கும்போது, பேச வேறொன்றுந் தோன்றாது, வதைமுகாமோடு இணைத்துத் தன்னை அழைக்கின்றார்களா என்றே திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்து நிற்பான். அது மோசமான நடிப்பென நாம் கருதுகின்றோம். பின்னர் உண்மையான ஏர்காட்டும் அச்செய்தி கேட்டு அவ்வாறே மகிழ்கின்றான். மிகைநடிப்பென எண்ணியது மெய்ந்நடப்பாகின்றது. ஒரே சொல் இரண்டாம் முறை வரும்போது வேறொரு பொருளைச் சுமந்து வருதலே கூர்மையின் முதன்மையான உத்திகளுள் ஒன்று. பொருள் மாறாது திரும்ப வருவது வெறும் அடைமொழிச் சிரிப்பு.

இவ்வுத்தி நகையைக் கடந்தும் செல்லவல்லது. குழுவில் ஈட்டி தாங்கி நிற்கும் சிறுநடிகன் கிரீன்பேர்க், ஷைலொக்காக நடிக்கும் ஆசையை நெடுநாள் சுமப்பவன். அப்பாத்திரத்தின் வாசகத்தை மேடைக்குப் பின்னால் அவன் சொல்லும்போது புன்னகைக்கின்றோம். இடிபாடுகளிடையே சொல்லும்போது அமைதியடைகின்றோம். இறுதியில், வேடமிட்ட ஹிற்லரின் முன் நாசிக் காவலர் சூழ நின்று உயிரைப் பொருட்படுத்தாது சொல்லும்போது, அது நாடக வசனமாக இல்லை. ஓர் இனத்தின் கேள்வியாகின்றது. சொற்கள் மாறவில்லை, அவற்றைச் சொல்வதற்கான விலை மாறியுள்ளது.

இவ்வளவுகோலை நம்மோடு நேரடித் தொடர்புடைய ஒரு படத்துக்குப் பிரயோகித்துப் பார்த்தல் தகும். கே.எஸ். ரவிகுமாரின் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் ஈழத்து அகதியாக, நம்முடைய பேச்சுவழக்கிற் பேசி நடித்தார். எதைக் கண்டாலும் அஞ்சும் தெனாலி, கைலாஷ் என்னும் உளமருத்துவரிடம் சிகிச்சை நாடி, அவர் குடும்பத்தோடு தங்கியுள்ள கொடைக்கானலுக்கே சென்றுவிடுகின்றான். இப்படத்தில் இருவகை நகை உண்டு. ஒன்று, தெனாலியின் அச்சங்களிலிருந்தும் அவனது பேச்சின் ஓசையிலிருந்தும் எழுவது. மற்றது, நோயாளியைக் குடும்பமே விரும்பத் தொடங்கியதும் பொறாமையால் தன்னிலை இழக்கும் மருத்துவரிடமிருந்து எழுவது.

இவற்றுட் கூர்மையுடையது இரண்டாவதே. மனத்தைக் குணப்படுத்தும் தொழிலுடையவர் தம் மனத்தை அறியாதிருத்தலும், அறிவாளி என்ற பிடிப்பை இறுதிவரை விடாதிருத்தலும் மடனின் தெளிவான வடிவங்கள். முதலாவதோ சிக்கலானது. அவனது அச்சத்தின் வேர் போர் தந்த கொடிய அனுபவம் எனப் படமே கூறுகின்றது. அவ்வாறு கூறிய பின்னரும் அவ்வச்சத்தை இனிய குழந்தைத்தனமாக, அதாவது தொல்காப்பியர் கூறிய ‘இளமை’யாகவே, தொடர்ந்து நுகரவைக்கின்றது. லுபிற்ஷ் செய்ததுபோலச் சிரிப்பைத் தொண்டையில் நிறுத்தும் முயற்சி இங்கு மேற்கொள்ளப்படவில்லை. 1983இன் வன்செயல்களையும் அதன் பின்னரான போரையும் கண்ட ஒரு சமூகத்தின் அச்சம், அதன் பேச்சுமொழியோடு சேர்த்து வேடிக்கையாக்கப்பட்டபோது, நம்மவர் பலர் அப்படத்தை விரும்பியே பார்த்தனர். நம் மொழி பெருந்திரையில் ஒலிப்பதன் மகிழ்ச்சி அதிற் கலந்திருந்தது இயல்பே. ஆயின் அம்மகிழ்ச்சி திறனாய்வுக்கு மாற்றாகிவிடலாகாது. ஒரு வழக்குமொழி அதனைப் பேசாதோர் காதில் விழுவதனாலேயே நகை விளைவிக்குமாயின், அங்கே நகைக்கப்படுவது செயலன்று, பிறப்பு.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கூரிய நகை பாத்திரத்தின் பிடிப்பிலிருந்து எழுகின்றது. அதன் உடலிலிருந்தோ ஊரிலிருந்தோ எழுவதில்லை. அது கதையிலிருந்து பிரிக்கமுடியாதது. அது பார்வையாளரின் அறிவை நம்பி, கூட்டிப் பொருள்கொள்ளும் பணியை அவருக்கே விட்டுவிடுகின்றது. மீண்டும் வரும்போது அது பொருள் மாறி வருகின்றது. இவை யாவற்றினும் மேலாக, நம்மை நகைப்பவர் நிலையில் மட்டுமன்றி நகைக்கப்படுபவர் நிலையிலும் வைத்துப் பார்க்குமாறு தூண்டுகின்றது. நகை பிறர்மாட்டு மட்டுமன்றித் தன்மாட்டுத் தோன்றுவதாலும் பிறக்கும் என உரையாசிரியர் கொண்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அரங்கு அதிரச் சிரித்தது என்பது ஒரு படத்தைப் பற்றிய செய்தியே. யாரைக் கண்டு, எதன் பொருட்டுச் சிரித்தது என்பதை ஆராயத் தொடங்கும்போதே நகைச்சுவை பற்றிய விமரிசனம் தொடங்குகின்றது.